சாவியை எடுத்த பிறகும் ஓடிய எஞ்சின்

பாரிசவாதம் வந்த பிறகு என் கணவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஓம். பசித்தாலும் ஓம், வேண்டாமென்றாலும் ஓம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இருபது வருடம் அவர் ஓட்டிய வானை நான் நாற்பத்தாறு வயதில் ஓட்டப் பழகினேன். கிழமைக்கு இரண்டு நாள் கரவெட்டியிலிருந்து அவரை யாழ்ப்பாணத்துக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேறு வழி இருக்கவில்லை.

அது பழைய டீசல் வான். முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். அந்த மாதம் அது கடகடவென்று இடிக்கத் தொடங்கியது. நடுவழியில் நின்றுவிட்டால் இவரை எப்படித் தூக்குவேன்? கராஜ்காரரிடம் கேட்டேன்.

"அக்கா, பழைய ஓட்டோவுக்குப் பெற்றோலோடை கலக்கிற ஒயில் இருக்கெல்லோ, அதிலை கொஞ்சத்தை டீசலோடை கலந்து விடுங்கோ. ஃபுல் டாங்கிக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு காணும். எஞ்சின் மெத்தெண்டு ஓடும்."

ஒரு லீற்றர் போத்தல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் பிடித்தது. டீசலுக்குள் எண்ணெயை ஊற்றினால் டீசல் பழுதாகாதா? நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ? ஒயிலை எஞ்சினில் ஒயில் ஊற்றும் வாய்க்குள்தானே ஊற்ற வேண்டும்? சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தேன். விறாந்தைக் கதிரையில் இருந்த கணவர் "ஓம்! ஓம்!" என்று கத்தினார்.

"இதுக்குள்ளை தானே?"

"ஓம்!"

முகம் சிவந்திருந்தது. தன் வானில் நான் கைவைப்பது அவருக்குப் பிடிக்காது, அந்தக் கோபம் என்று நினைத்தேன். கூடுதலாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று போத்தல் முழுவதையும் கவிழ்த்தேன்.

அடுத்த நாள் காலை அவரைப் பக்கத்துச் சீட்டில் இருத்திக்கொண்டு வல்லை வெளிக்குள் வந்தபோது கண்ணாடியில் பின்பக்கம் தெரியவில்லை. ஒரே வெள்ளைப் புகை. நான் கூடுதலாக மிதிக்காமலே வான் வேகம் பிடித்தது. காலை எடுத்தேன், இன்னும் கூடியது. கிளச்சை மிதித்தபோது எஞ்சின் அலறிய அலறலில் சீட்டு அதிர்ந்தது. பிரேக்கை அழுத்தி ஒருவாறு ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பி எடுத்தே விட்டேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவி என் கையில் இருந்தது. எங்களுக்குக் கீழே அது கத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் கருகும் மணம் மூக்கில் ஏறியது. இரு பக்கமும் வெறும் வெளி, ஒரு வீடுகூட இல்லை. "இஞ்சாருங்கோ, இறங்குங்கோ!" என்று குளறினேன், அவரால் முடியாதென்று தெரிந்தும். என் பக்கக் கதவைத் திறந்தேன். நான் மட்டும் குதித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்போது அவர் இடது கையைக் குறுக்கே நீட்டி, கியர்த் தடியைப் பிடித்து நாலாவது கியருக்குத் தள்ளினார். பிறகு கிளச்சை மிதித்திருந்த என் முழங்காலில் ஓங்கி அறைந்தார்.

"ஓம்! ஓம்!"

காலை எடு என்கிறார். ஒரு காலால் பிரேக்கை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டு மற்றதை எடுத்தேன். வான் குலுங்கி, முன்னால் ஒரு முழம் இழுபட்டது. பிரேக்கை மீறி இழுக்க முடியாமல் எஞ்சின் செத்தது.

காற்று மட்டும் கேட்டது. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அவருடைய கை என் முழங்காலிலேயே இருந்தது.

கராஜ்காரர் வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, எங்கை ஊத்தினீங்கள்?" காட்டினேன். தலையில் கைவைத்தார். "டாங்கிக்கெல்லோ சொன்னனான்! மிஞ்சின ஒயில் காத்துக் குழாயாலை உள்ளை போய், அதையே குடிச்சு ஓடியிருக்கு. அதுதான் சாவிக்கு நிக்கேல்லை. அண்ணை இல்லாட்டி எஞ்சின் வெடிச்சிருக்கும்."

எண்ணெயை மாற்றி, குழாயைத் துடைத்து, இரண்டு நாளில் வானைத் தந்தார். இப்போது டீசல் டாங்கிக்குள் கோப்பையால் அளந்துதான் ஊற்றுகிறேன். இடி குறைந்து மெத்தென்று ஓடுகிறது. ஆனாலும் வீட்டுப் படலையைத் தாண்டுவதற்கு முன் எஞ்சினை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பேன். நின்றால்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன். அதுவரை அவர் காத்திருப்பார்.