குளிப்பாட்டி முடியும் வரை

கண் வங்கியில் வேலை செய்பவள் உறவுக்காரர் வீட்டுக்குச் சும்மா போய்வர முடியாது. பள்ளிபாளையத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பழம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அத்தை கதவைப் பாதி திறந்து, "ஏனம்மிணி, சும்மாதான வந்தே?" என்று கேட்டார். மாமா படுத்த இடத்திலிருந்தே, "இன்னும் நாளாகும், போய்ட்டு அப்பறமா வா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அத்தை என் கைப்பையை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, என் பயம் அதைவிட மோசம். அஸ்தம்பட்டி வீட்டில் என் கணவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்தால், மூச்சு சீராக வருகிறதா என்று கிட்டே போய்ப் பார்ப்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "இருக்கறேன், இருக்கறேன். போய் வேலையப் பாரு" என்பார். எனக்கே வெட்கமாக இருக்கும். அடுத்த ஞாயிறும் போய்ப் பார்ப்பேன்.

கண்ணை எடுப்பதுதான் பயங்கரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கை பழகிவிட்டது. எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து, அதன்மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி வைத்து, இமையை மூடிவிட்டால் தூங்குகிற முகம்தான். எனக்குப் பயம் அதற்குப் பிறகு குளிப்பாட்டுவார்களே, அதில்தான். தலையில் தண்ணீர் ஊற்றி அசைக்கும்போது எப்போதாவது ஒருவருக்கு இமையோரம் ரத்தம் கசியும். அபூர்வம்தான். ஆனால் கசிந்துவிட்டால், சம்மதம் சொன்ன ஆளை அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் விடாது.

எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் வீட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். விடியும்போது அம்மா நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். நாங்கள் போய்ச் சேரும்போது தறிகள் நின்றிருந்தன. மின்விசிறியை நிறுத்தி, அம்மாவின் இமைமேல் ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, நான் போனில் சொன்னதையெல்லாம் அந்தப் பெண் செய்து வைத்திருந்தாள். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்தே அம்மா, "எனக்கு நல்லாத் தெரியுது, போகையில ஆருக்காச்சும் குடுத்தரோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்.

சிக்கல் தாய்மாமனிடம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிச் சேலையோடு வந்து முகம் பார்க்காமல் ஒன்றும் நகராது. அம்மாவின் அண்ணன் லாரியில் கர்நாடகா லோடு போயிருந்தார். அவர் திரும்பி வரும்போது நேரம் கடந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

"மாமாவுக்குச் சேதி போயிருச்சுங்க, வந்துக்கிட்டிருக்கறாரு. இதைச் சொல்லக் கூப்பிட்டா இப்போ போன் எடுக்க மாட்டீங்கறாரு" என்றாள் மகள். அம்மாவின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "நீங்க எடுத்துருங்க. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

எடுத்து முடித்ததும் கண்கள் வைத்த பெட்டியை டிரைவரிடம் கொடுத்துச் சேலத்துக்கு அனுப்பினேன். நான் அங்கேயே இருந்துவிட்டேன். அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்ப எனக்குக் கால் வரவில்லை.

மாமனுக்கு வாசலிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஆரைக் கேட்டுடி செஞ்சே? அவ என்ற தங்கச்சிங்கறதே மறந்து போச்சா?"

"அம்மா சொன்னதுதானுங்க மாமா."

"மூஞ்சி கொஞ்சம் கோணியிருந்தாலும் சரி, இனி உன்ற நல்லது கெட்டதுக்கு நான் வர மாட்டேன், பாத்துக்க."

கல்யாணமாகாத பெண் அவள். தாய்மாமன் வராமல் அந்தச் சனத்தில் ஒரு கல்யாணம் நடக்குமா? இமையை நன்றாக மூடினேனா, பஞ்சு போதுமான அளவு வைத்தேனா என்று மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் பெஞ்சைப் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். முகத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று பெண்களிடம் கேட்டுக்கொண்டேன். சேலையை மறைப்பாகப் பிடித்துப் பெண்கள் குளிப்பாட்டுவதற்கு முன்னால், எண்ணெய் சீயக்காய் தொட்டு வைத்து முதல் தண்ணீர் ஊற்றுவது பிறந்த வீட்டு உரிமை. மாமன் சொம்பை எடுத்து உச்சந்தலையில் ஊற்றினார்.

இடது கண்ணோரத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு காதுப் பக்கம் இறங்கியது.

"அய்யோ, ரத்தம்!" என்று ஒரு குரல் கேட்டது. மாமன் சொம்பை அப்படியே கீழே போட்டார். கூட்டம் மொத்தமும் மகளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பஞ்சால் இமையோரத்தை ஒற்றினேன். ஒற்றிய இரண்டாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. புருவத்துக்கு மேலே ஒற்றினேன், சிவந்தது, பொடி பொடியாக ஒட்டிக்கொண்டது. கண்ணைச் சுற்றி மருந்தால் துடைத்தவள் நெற்றியை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன். சுமங்கலியாகப் போனவருக்கு அவர்கள் பெரிதாக வைத்திருந்த குங்குமத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் தண்ணீரில் கரைந்து கண் குழியில் தேங்கி வழிந்திருக்கிறது.

"குங்குமமுங்க" என்றேன். பஞ்சை மாமனிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து தங்கச்சியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தூங்கறாப்பலதான் இருக்கறா" என்றார்.

கீழே கிடந்த சொம்பை அவரே எடுத்து, தண்ணீர் மொண்டு, மகளிடம் கொடுத்தார். "வா சாமி, அம்மாளுக்கு நீயும் ஊத்து."

அவள் சொம்பை வாங்கினாள், ஆனால் ஊற்றவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெஞ்சோரம் மடங்கி உட்கார்ந்து, அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"நான் உன்னைய ஒண்ணும் பண்ணலம்மா, ஒண்ணும் பண்ணல."