குதிரை மூச்சை விடும்வரை

குதிரைக்குச் சேணமும் லகானும் கையால் தைக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: போட்டுக்கொள்கிறவர் வந்து குறை சொல்லமாட்டார், அவருக்குப் பதிலாக ஊரே வந்து சொல்லும். பிளவுஸ் தைப்பவர்களே, மூக்குக்கண்ணாடி பொருத்துபவர்களே, செய்த பொருளைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

திருவண்ணாமலையில் ஏது குதிரை என்று கேட்காதீர்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை உண்டு. தீபத்துக்கு மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். எனக்கும் என் வீட்டுக்காரி நூர்ஜஹானுக்கும் அது போதும். நான் அளவெடுத்து வெட்டுவேன், அவள் தைப்பாள். என் தையலைவிட அவள் தையல் நெருக்கம். இதை அவளிடம் சொன்னதில்லை.

முதலில் சாமான், பிறகு குதிரை

கடையில் எனக்கு ஒரே சட்டம்தான்: குதிரையைக் கண்ணால் பார்க்காமல் அளவு எடுப்பதில்லை. வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிவந்த ஆபீசர் ஒருவர் இது தெரியாமல் வாட்ஸப்பில் ஒரு குதிரைப் படத்தை அனுப்பி, ஃபுல் செட் போடச் சொன்னார். படத்தில் குதிரைக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. நேரில் ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். நாலு தடவை வந்தார், நாலு தடவையும் ஸ்கூட்டரில்தான் வந்தார். ஐந்தாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், குதிரை எங்கதான் இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் வாங்கல பாய். சாமான் ரெடியா வீட்ல கிடந்துச்சுன்னா, வீணாப் போகுதேன்னு எங்க வீட்ல அவங்களே குதிரைய வாங்கச் சொல்லிடுவாங்க."

வயிற்றை உப்புகிற ஆசாமி

சேணம் முதுகில் நிற்பது வயிற்று வாரால். குதிரையின் வயிற்றைச் சுற்றி வந்து இறுகுகிற பட்டை அது. இந்த வாரைக் கையில் எடுத்ததுமே குதிரைக்குத் தெரிந்துவிடும். மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் அளவெடுத்தால் தொலைந்தோம். பத்தடி நடக்க விட வேண்டும். நடந்தால் மூச்சை விட்டுவிடும், அப்புறம் எடுப்பதுதான் உண்மையான அளவு. யார் கடைக்கு வந்தாலும் இந்தப் பாடத்தை நடத்தாமல் அனுப்பமாட்டேன். கேட்காதவர்களுக்கும் நடத்துவேன்.

பெல்ட்டுக்கு ஓட்டை போட வந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவருக்கும் நடத்தினேன். அவருக்குத் தொந்தி கொஞ்சம் ஜாஸ்தி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போட்டோ எடுக்கறப்ப நான் உள்ள இழுக்கறேன், அது வெளிய தள்ளுது. மத்தபடி எங்களுக்குள்ள வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

ஒரு 'ம்'

ஏழுமலை அடி அண்ணாமலைக்காரர். அவரிடம் இருப்பது ரோஜா என்கிற வெள்ளைப் பெண் குதிரை ஒன்று. முகூர்த்த நாளில் மாப்பிள்ளையைச் சுமப்பது அதன் வேலை, அந்த வருமானத்தில்தான் ஏழுமலை வீட்டு அடுப்பு எரிகிறது. பட்டாசு, பேண்டு, டிரோன் எதற்கும் மிரளாது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் புது வயிற்று வார் போட அழைத்து வந்தார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஃபோன் வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து தோல் அனுப்புகிறவர். அனுப்பின தோலில் பாதி வயிற்றுப் பக்கத்துத் தோல், வாருக்கு ஆகாது, இழுத்தால் நீளும் என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கியபடி, ரோஜாவின் வயிற்றில் டேப்பைச் சுற்றினேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் பத்தடி நடக்க விட மறந்தேன். ரோஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவியாக நின்றது. அந்த அளவுக்கே வாரை வெட்டி, ஓட்டையும் போட்டுவிட்டேன். சாயங்காலம் தைக்க உட்கார்ந்த நூர்ஜஹான், நடக்க விட்டு அளவெடுத்தீர்களா என்று கேட்டாள். "ம்" என்றேன்.

அவள் ஊசியை நிறுத்தினாள். "'ம்'னா விட்டீங்களா, விடலையா?"

மாப்பிள்ளை சாய்ந்தார்

ஊர்வலம் தேரடி வீதி வழியாக வந்தது. நான் டீக்கடை ஓரமாக நின்று என் வாரை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முதலில் லேசாக இடது பக்கம் சாய்ந்தார். ஸ்டைல் என்று நினைத்தேன். இன்னும் சாய்ந்தார். அப்புறம் சேணமும் மாப்பிள்ளையும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு அவசரமும் இல்லாமல், சுழன்று இறங்கி டிரம்ஸ் வாசிப்பவர் மேல் உட்கார்ந்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு, ஷெர்வானியில் கிழிசல், அவ்வளவுதான். ரோஜா ஒரு அடிகூட நகரவில்லை. நகர்ந்திருந்தால் மாப்பிள்ளை குளம்புக்கடியில் போயிருப்பார்.

வார் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. அப்படியும் நாலு விரல் தளர்ந்து தொங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் ரோஜாவை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, கழுத்தடியில் ஒரு முடிச்சுழியைக் கண்டுபிடித்து, "இது தள்ளுற சுழி! ஏறினவன இறக்கிடும்!" என்று அறிவித்தார். கூட்டம் உச்சுக் கொட்டியது. திறக்கப்போன என் வாய் மூடிக்கொண்டது. தீபச் சந்தை வருகிறது, நாலு ஆர்டர் வருகிற நேரம், இப்போதா பேரைக் கெடுத்துக்கொள்வது என்று தோன்றியது. வெட்கம்தான், வேறென்ன சொல்ல.

மாப்பிள்ளை மட்டும் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "விழுந்தது நானு மாமா. நீங்க ஏன் குதிரைய சுத்திச் சுத்திப் பாக்கறீங்க?"

நல்லதா ஒன்று

சுழி கெட்ட குதிரை என்று பேச்சு பரவிவிட்டது. பேசி வைத்திருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பத்து நாள் கழித்து ஏழுமலை ரோஜாவோடு கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். தீபச் சந்தையில் ரோஜாவை விற்கப்போகிறாராம். முகத்துக்குப் பளபளவென்று நல்லதாக ஒரு தோல் பட்டை வேண்டுமாம், பார்க்கிறவர்கள் கண் கழுத்துச் சுழிக்குப் போகாமல் இருக்க. விற்றால் அது யாரிடம் போய் எப்படிக் கிடக்குமோ என்று சொல்லிக்கொண்டே அதன் பிடரியைத் தடவினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பட்டைக்கு அளவு எழுதினேன். அவ்வளவு கேடுகெட்டவனாக இருந்தேன்.

கிளம்பும்போது அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "நல்லவேளை பாய், உங்க வேலையப் பத்தி யாரும் ஒரு குறையும் சொல்லல."

பின்கட்டில் தைத்துக்கொண்டிருந்த நூர்ஜஹான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அந்தப் பட்டைக்கு நூல் கோக்கமாட்டேன் என்றாள். "நீங்களே தைச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் பொய்யத் தைக்கறது நல்லா வருதே."

வேங்கிக்காலில் தலை காட்டியது

மறுநாள் ஏழுமலையையும் ரோஜாவையும் அழைத்துக்கொண்டு வேங்கிக்காலில் அந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டுக்குப் போனேன். எதற்கென்று ஏழுமலையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி வழியிலேயே உதைத்திருப்பார். புதுமாப்பிள்ளை அங்கே விருந்துக்கு வந்திருந்தார். குதிரையைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. ரோஜாமேல் சேணம் வைத்து, அதே வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டினேன். ரோஜா வழக்கம்போல் மூச்சைப் பிடித்தது. இழுத்துப் பாருங்கள் என்றேன். மாமா இழுத்தார், கல் மாதிரி இருக்கிறது என்றார். பத்தடி நடக்க விட்டேன். வார் நாலு விரல் தொங்கியது.

"தப்பு குதிரை மேல இல்லீங்க. அது மூச்சு விடறதுக்கு முன்னாடியே நான் அளவெடுத்துட்டேன். அன்னிக்கே தெரியும். பயந்துகிட்டு சொல்லல" என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. குத்தூசியை எடுத்து அங்கேயே இன்னும் மூன்று ஓட்டை போட்டு இறுக்கினேன். யாரும் கேட்காமலே மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, தெருக்கோடிவரை போய் நேராகத் திரும்பி வந்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

மாமாவுக்கு மட்டும் ஏதோ குறைந்தது. ரோஜாவை ஒரு சுற்றுச் சுற்றினார், அப்புறம் என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். "தொப்பியக் கழட்டுங்க பாய்" என்றார். கழற்றிக் குனிந்தேன். உச்சந்தலையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "ரெட்டைச் சுழி! சுழிதான் காரணம்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? ஆளுதான் மாறிப்போச்சு!"

பத்தடி இல்லை, முழு வீதி

ரோஜா சந்தைக்குப் போகவில்லை. மாமாவே தன் அடுத்த மருமகன் கல்யாணத்துக்கு அதையே பேசி வைத்துவிட்டார். ஏழுமலை அதற்கப்புறம் மார்கழி முடியும்வரை என் கடைப் பக்கம் திரும்பவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன்.

தை பிறந்ததும் வந்தார், புது வார் போட. நான் டேப்பை எடுத்ததும் ரோஜாவை நடத்திக்கொண்டு போனார். பத்தடியில் நிற்கவில்லை, வீதிக் கோடிவரை போய், திரும்பி, மறுபடியும் போனார். வந்து நின்று என் எதிரே கையை நீட்டினார். "ஃபோனக் குடுங்க பாய். அளவெடுத்து முடிச்சப்புறம் தர்றேன்."

இப்போது ஊரில் எல்லோரும் என்னை ரெட்டைச் சுழி பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இத்தனை வருஷத் தொழிலில் அளவே எடுக்காமல் கச்சிதமாகப் பொருந்தியது அது ஒன்றுதான்.