மெத்தைத் துணியில் தைத்த பை

என் மனைவியின் நுரையீரலில் பாதிதான் மிச்சம் என்று தேனி ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "இருக்கிற பாதியைக் காப்பாத்தணும்னா வீட்டுல தூசியே இருக்கக் கூடாது" என்றார் டாக்டர். நல்ல கதை! எங்கள் பிழைப்பே இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும்தான். மயிலாடும்பாறையில் முன்அறையில் பஞ்சு, பின்அறையில் நாங்கள். முப்பது வருடமாக நான் துணி தைத்தேன், அவள் பஞ்சு அடைத்தாள். மூக்கில் துணி கட்டிக்கொள் என்று ஒரு நாளாவது நான் சொன்னதுண்டா? இல்லை.

பஞ்சு மூட்டைகளை மறுநாளே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். தூசி போகவில்லை. உத்தரத்தில், கட்டிலடியில், சுவர் வெடிப்பில் எல்லாம் முப்பது வருடத் தூசி. துடைப்பத்தை எடுத்தாலே பறந்தது, அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் மேகமலை எஸ்டேட் பங்களாவில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன், பழைய வேக்குவம் கிளீனர் ஒன்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்.

"தூக்கிப் போடச் சொல்லிட்டாக மாப்ள. ஓடுனா எந்தங்கச்சி யோகம்."

ஓடவில்லை. சுவிட்சைத் தட்டினால் ஒரு உறுமல், கருகிய வாடை, அவ்வளவுதான். குழாயில் நான்கு இடத்தில் விரிசல். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அதை நானே அடைத்தேன். சக்கரத்தில் சிக்கியிருந்த யாருடைய முடியையோ பிளேடால் அறுத்தெடுத்தேன். மோட்டாருக்கு மட்டும் தேனிக்குப் போனேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர் கழற்றிப் பார்த்தார்.

"உள்ள கார்பன் கட்டதாண்ணே தேஞ்சிருச்சு, மாத்தித் தாரேன். ஆனா தூசி சேர்ற பை மக்கிப்போச்சு. இந்த மாடலுக்கு இப்பப் பை வர்றதில்லையே."

"பைதானே? ஏங்கிட்டயா சொல்றீக? மெத்த தைக்கிறவன்யா நான்" என்றேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

நல்ல கோடு போட்ட மெத்தைத் துணியில் இரட்டைத் தையல் போட்டேன். என் தையலைத் தாண்டி ஒரு துளி பஞ்சு வெளியே வந்ததாக இந்தப் பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. பை அச்சாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஒரே மூச்சாகக் கிளம்பியது.

"ஆத்தாடி! மாவு மில்லு தோத்துச்சு போங்க" என்று கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் சிரித்தாள். "வாக்கப்பட்டு வந்த நாளா நீங்க வீடு கூட்டி இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அந்தச் சிரிப்புக்காகவே தினமும் காலையில் ஓட்டினேன். பஞ்சில் கை வைக்குமுன் கதவு சன்னலைச் சாத்துவது எங்கள் தொழிலில் வழக்கம். காற்று வந்தால் பஞ்சு பறந்துவிடும். அந்தப் பழக்கத்தில் என் கை எல்லாவற்றையும் சாத்தியது. அவளை வெளியே போகவும் நான் சொல்லவில்லை. நான் வேலை செய்வதை அவள் பார்க்க வேண்டுமே! ஏழு நாள் ஓட்டினேன். தரை பளிங்காக இருந்தது. எட்டாம் நாள் காலையில் அவள் உதடு நீலமாகி, பேச முடியாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், திரும்பி வரும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று வந்து மெஷினைப் போட்டேன். அது உச்சிவேளை. கூரையில் இருக்கும் கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மெஷினின் பின்பக்கத்திலிருந்து புகை மாதிரி எதுவோ வந்து அந்த வெயிலில் ஏறியது. மோட்டார் எரிகிறது என்று பதறி நிறுத்தினேன். வாடையே இல்லை.

பையைப் பிரித்தேன். பஞ்சு இருந்தது, முடி இருந்தது. தூசி இல்லை. பஞ்சை நிறுத்துகிற துணி தூசியை நிறுத்தவில்லை. மூலையில் சிவனே என்று கிடந்ததையெல்லாம் இழுத்து, மாவு மாதிரி சலித்து, சாத்திய அறைக்குள் ஏழு நாள் அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பத்து நாள் கழித்து அவள் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தாள். டாக்டர் இந்த முறை பாதி என்றெல்லாம் சொல்லவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பை விஷயத்தை நான் அவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

நேற்று அவள் கட்டிலடியைக் கையால் துழாவினாள்.

"அந்த மெசின எங்க வச்சீக? ஏன் ஓட்ட மாட்டேங்குறீக?"

"மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"அது ஓடுன வரைக்கும் நான் நடமாடிக்கிட்டுத்தான இருந்தேன். அம்புட்டுப் பாடுபட்டு எனக்குன்னு சரி பண்ணுனீக. போயி மறுபடி ரிப்பேர் பாத்துட்டு வாங்க. இங்கன, எம்பக்கத்துல வச்சு ஓட்டுங்க."

சரி என்றேன்.