அம்மா கூட்டிய மணல்

விடுமுறைக்கு வந்த மகன் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து செருப்பிலிருந்த மணலை உதறினான். அந்த மணலைக் கூட்டும்போது எனக்குக் கோபம் வந்தது.

என் சின்ன வயதில் பள்ளி விடுமுறைதோறும் பாலக்காட்டிலிருந்து அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், தங்கையான மாமி குடும்பத்தோடு எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்துவிடுவாள். தினமும் கடற்கரைதான். மரக்கழிகளில் கட்டிய பெரிய சீன வலை முனகிக்கொண்டு எழுவதையும், கப்பல் கடலும் காயலும் சேரும் அழிமுகத்தில் நுழைவதையும் பார்த்து, அலையில் உருண்டு, நனைந்த பாவாடையில் மணல் கனக்கப் பசியோடு திரும்புவோம். அந்தப் பசிக்காக அம்மா அடுப்படியிலேயே கிடந்தாள். பிறகு நாங்கள் உதிர்த்த மணலைக் கூட்டினாள். கடற்கரைக்கு நடந்தால் அரை மணி நேரம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கால் கடலில் நனைந்ததில்லை.

ஒரு வருடம் நல்ல சேலை கட்டிக்கொண்டு அவளும் வாசலுக்கு வந்தாள்.

"மதினியும் வந்தா மீனை யாரு வறுப்பா? பூனையா?" என்றாள் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த வருஷம் போலாம். கடல் எங்க ஓடிப்போகுது?" என்றார் அத்தா. நானும் சிரித்தேன். எனக்கு வறுத்த மீன் வேண்டியிருந்தது.

அடுத்த விடுமுறைக்குள் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள்.

இப்போது, நாங்கள் உருண்ட அந்தக் கரையைக் கடல் தின்றுவிட்டதாம். கருங்கல்லும் குப்பையும்தான் கிடக்கின்றனவாம். மகன் சொல்லித்தான் தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"அம்மா, மீன் ஆச்சா? விசக்குது," என்று பசியில் உள்ளிருந்து கத்தினான் மகன்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.