வெறும் பெட்டி திரும்பக் கூடாது

எங்கள் சேவைச் சங்கத்தில் தலைவர் உண்டு, முன்னாள் தலைவர் உண்டு, அவருக்கும் முன்னாள் தலைவர்கள் உண்டு. கூட்டம் நடந்தால் மேடைக்கு நாற்காலி போதாமல் கீழே உட்கார்ந்திருப்பவனை எழுப்பி அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கண் சிகிச்சை முகாமில் நோயாளிகளைவிடச் சால்வைகள் அதிகம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு என்பதால்தான் ஐஸ் பெட்டியை என் தலையில் கட்டினார்கள். ஜங்ஷன் ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், பெட்டி ரிப்பேரானால் நானே பார்த்துக்கொள்வேன் என்பது அவர்கள் சொன்ன காரணம். பெட்டியோடு போகிறவனுக்கு யாரும் சால்வை போர்த்த மாட்டார்கள் என்பது சொல்லாத காரணம்.

வெளியூர் உறவுகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்திவைக்கிற கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி அது. விருத்தாசலத்திலும் பக்கத்து ஊர்களிலும் யார் கேட்டாலும் இலவசமாகக் கொண்டுபோய் வைப்போம். சங்கத்தின் தினசரிக் காலண்டரில் சாமி படத்துக்குக் கீழே பெட்டிக்கான போன் நம்பர் இருக்கும், பெரிய எழுத்தில். அது என் நம்பர். வாரம் ஒருவராவது அதைக் கிழித்துப் பையில் வைத்திருப்பதாகச் சொல்லி என்னைக் கலவரப்படுத்துவார்.

பெட்டியை ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி, மங்கலம்பேட்டையில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் பாயுடையது. ஓட்டுவதும் அவரே. "எங்க ஆளுங்களுக்கு இந்தப் பொட்டியே தேவப்படாதுண்ணே. பொழுது சாயறதுக்குள்ள அடக்கிடுவோம்" என்று சிரிப்பார். அப்புறம் எதற்கு இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எங்க அத்தா மவுத்தானப்ப நான் குவைத்துல இருந்தேன். மண்ணு தள்ளுறத போன்ல காட்டுனாங்க" என்றார். அதன் பிறகு நான் அதைக் கேட்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடிப்போம். போன வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். எங்கள் நட்பு அப்படித்தான் வளர்ந்தது.

சங்கத்தில் எழுதாத ஒரு விதி இருந்தது. போன் வந்தால் எந்தத் தெரு, முனையில் யார் நிற்பார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். யாருக்கு, எப்போது ஆனது என்றெல்லாம் கேட்கக் கூடாது. துக்க வீட்டில் கேள்வி கேட்கிற நாக்கை இழுத்துவைத்து அறுக்க வேண்டும் என்பார் முன்னாள் தலைவர்களில் ஒருவர். பறை வருவதற்குள் எங்கள் பெட்டி வந்துவிடும் என்ற பெருமை வேறு. அந்த மரியாதையும் இந்த அவசரமும் சேர்ந்துதான் எங்களை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டன.

கத்திரி வெயில் காலம். அந்தக் கோடையில் பெட்டி சங்கத்துக்குத் திரும்பாமலே வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் போன் வந்தது. "பொட்டி வேணும் சார்" என்றது ஓர் இளம் குரல். செராமிக் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் தெரு. அங்கே பள்ளங்களையெல்லாம் உடைந்த கப்புகளையும் ஃப்யூஸ் கட்டைகளையும் கொட்டி மூடியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு பொம்மைக் கை மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிச் சக்கரம் ஏறும்போது யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்காது.

வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, அழுகையும் இல்லை. முப்பது வயசு சுமாருக்கு ஒருவர் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "உள்ள கொண்டாங்க சார்" என்றார். துக்கத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி என்று நினைத்துக்கொண்டு பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தோம். சுவரில் இருந்த அலமாரி முழுக்க வெள்ளைப் பொம்மைகள். பட்டறையில் கழித்துப்போட்டவை போலிருக்கிறது, எதற்கும் கண் எழுதியிருக்கவில்லை. நான் பிளக்கைச் சொருகினேன். பெட்டி உறுமத் தொடங்கியது.

"எங்க வச்சிருக்கீங்க?" என்று பாய் கேட்டார்.

அவர் உள்ளறைக் கதவில் தொங்கிய புடவைத் திரையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஆவல சார்" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. "உயிரோட இருக்கிறவங்க காது கேக்க இதக் கொண்டாந்து வைக்கச் சொன்னியா? நீ மனுசனா?" என்று கத்த முடியாமல் கிசுகிசுத்தேன். அவர் தலை நிமிரவில்லை. அவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அம்மாவை இன்றோ நாளையோ என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லீவு இன்னும் சில நாளில் முடிகிறது.

"அப்பா செத்தப்ப பொட்டி கெடைக்கல சார். வெயில்ல வைக்க முடியாதுன்னு நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அம்மாவையும் அப்புடி வுட்டுடக் கூடாதுன்னு..." என்றார். அதற்கு மேல் என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். "தூக்குங்க பாய், போவோம்" என்றேன். திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு தெருப் பெண்கள் நிற்கிறார்கள். எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை.

"வந்த பொட்டி வெறுமனே திரும்பக் கூடாதுங்க" என்றாள் முன்னால் நின்றவள்.

"அப்படி யாரும்மா சொன்னது?"

"சனிப் பொணமே தனியாப் போவாதுங்கறாங்க. இது வெறும் பொட்டி. போற வழியில ஆளத் தேடும். தெருவுல புள்ளகுட்டிங்க இருக்குது."

அவள் கத்தவில்லை. விலைவாசி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பின்னாலிருந்த ஒருத்தி தன் குழந்தையின் முகத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். எதிர்வரிசையில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பட்டப்பகல், தலைக்கு மேலே வெயில். அப்படியானால் உள்ளே இருக்கிறவர் சாகிறவரை நாங்கள் காத்திருக்க வேண்டும். அதைத்தான் அத்தனை பேரும் வாய்விட்டுச் சொல்லாமல் நின்றார்கள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏண்டா, சத்தம் நின்னு போச்சு?"

மகன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பாய்தான் திரையை விலக்கிக்கொண்டு போனார். கயிற்றுக் கட்டிலில் ஓர் அம்மாள். உடம்பு வற்றிப்போயிருந்தது, கண்கள் மட்டும் துடைத்த கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன.

"ஃப்ரிட்ஜும்மா. புது ஃப்ரிட்ஜு" என்றார் பாய்.

"பழசு கெட்டு எவ்ளோ நாளாவுது. தனி ஆளுக்கு எதுக்குன்னு வுட்டுட்டன். எனக்கா வாங்கியாந்தான்?"

"ஆமாம்மா. உங்களுக்குத்தான்" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சூளைகிட்ட வெந்த ஒடம்பு, தம்பி. பொம்ம பட்டறையில காலம் முச்சூடும் நெருப்புப் பக்கத்துலியே நின்னுட்டன். ஜில்லுனு ஒரு வா தண்ணி அதுல வச்சுக் குடுங்க."

கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் வாசலை அவர்கள் விடவில்லை. வெளியே போனால் வெறும் பெட்டியைத் தெருவின் தலையில் போட்டுவிட்டு ஓடிவிடுவோம் என்று பயம். நான் மறுபடி பிளக்கைச் சொருகினேன். மகன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கண்ணாடி மூடியைத் திறந்து சொம்பை உள்ளே வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் தலை வைக்கிற இடத்தில் வைத்துவிட்டேன்.

அப்புறம் காத்திருந்தோம். நான், பாய், மகன், வாசலில் பெண்கள், சுவரில் கண்ணில்லாத பொம்மைகள். எல்லோரும் கண்ணாடி வழியே அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லக் கண்ணாடியில் பனி படர்ந்தது. சொம்பு மங்கி மங்கி, உள்ளே ஏதோ ஒரு வெளுப்பு கிடப்பதாக மட்டும் தெரிந்தது. யாரோ ஒரு பெண் வாய்க்குள் அழ ஆரம்பித்தாள். "சும்மா இரு" என்று அதட்டினேன். எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்ததால்தான் அதட்டினேன்.

மகன் ஸ்பூனால் ஊட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக விழுங்கினார். ஆஸ்பத்திரியில் வாயை நனைக்கத்தான் விட்டார்களாம். இங்கே சொம்பில் பாதி போனது.

"நல்லா ஜில்லுனு இருக்குது" என்றார். பிறகு கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். "எதிர் வூட்டுக்காரரு போன தையில படுத்திருந்தாரே, அந்த ஃப்ரிட்ஜுதான இது? நான் அது தலமாட்டுலதான் உக்காந்து அழுதன். அதே சத்தம்."

மகன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் மகனின் தலையைத் தடவினார். கோபமே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"ஏண்டி, வாசல மறிக்கிறீங்க?" என்று வெளியே பார்த்துக் கேட்டார். "நான்தான் அதுல தண்ணி வச்சிக் குடிச்சிட்டன் இல்ல? வந்தது என் காரியத்துக்கு ஆயிடுச்சு. இனிமே அது வெறும் பொட்டி இல்ல. போவ வுடுங்க."

அந்த நியாயம் அவர்களுக்குச் சரியாகப் பட்டிருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். நாங்கள் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தெரு நெடுக ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. அன்றைக்கு டீயை முழுதாகக் குடிக்க எங்கள் இருவராலும் முடியவில்லை.

அந்த வார முடிவில், காலையில் கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"பொட்டிக்கார தம்பிங்களா?" குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "நான்தான். தண்ணி குடிச்சன் இல்ல. காலண்டர்ல நம்பர் பாத்தன்."

"சொல்லுங்கம்மா. ஒடம்பு எப்படி இருக்குது?"

"பொட்டிய கொண்டாங்க."

நான் விதியை மீறினேன். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான். நாளைக்கி அவன் ஃப்ளைட்டு ஏறணும். இன்னிக்கே ஆனாத்தான் அவன் கையால நெருப்பு வாங்க முடியும். அவங்க அப்பாவுக்கு இல்லன்னு எத்தன வருசமா அழுவுறான் தெரியுமா? மெல்லப் பேசுங்க, புள்ள பக்கத்துல தூங்குது."

"அம்மா, அதெல்லாம் நம்ம கையில இல்ல. நீங்க நல்லா..." என்று ஏதோ உளறினேன். போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. அந்தக் கோடையில் வந்த அத்தனை அழைப்புகளில் மகனின் நம்பர் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பாய் வந்ததும் சொன்னேன். பெட்டி இல்லாமல் போவோம், போய் மகனிடம் சொல்வோம் என்பது என் யோசனை. பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை ஆட்டி மறுத்தார். "கேட்டுட்டாங்கண்ணே. எடுத்துட்டே போவோம். தெருமுனையில நிறுத்திட்டு நீங்க நடந்து போயி பாருங்க" என்றார்.

அப்படியே செய்தோம். உடைந்த ஓடுகள் மேல் நான் நடந்தேன், கிட்டத்தட்ட ஓடினேன். அந்த மகனைத் தனியே கூப்பிட்டு, உங்கள் அம்மா போக முடிவெடுத்துவிட்டார், பக்கத்திலேயே உட்காருங்கள், பேசுங்கள் என்று சொல்ல வேண்டும். வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். வாசற்படியில் கால் வைக்கும்போது உள்ளே "யம்மா" என்று ஒரு அலறல் கேட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் மகன் கோரைப்பாயில் மண்டியிட்டிருந்தார், தூக்கம் கலையாத முகத்தோடு. அம்மாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. கை மார்பில், சிறிய பட்டன் போன் அந்தக் கைக்குள்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு அழுகை நின்றுவிட்டது. முனையில் இருக்கப் பொறுக்காமல் எனக்குப் பின்னால் பாயும் வந்து நின்றார். "நான் இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லியே சார்" என்றார் மகன். "இப்பதான... தொட்டுப் பாத்தேன். ஒங்கள யாரு வரச் சொன்னது?"

பாய் வாயெடுத்தார். ஏதாவது மென்மையாகச் சொல்லியிருப்பார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒருமுறை சொன்ன பொய்யே போதும் என்று தோன்றியது.

"ஒங்க அம்மாதான் தம்பி போன் பண்ணாங்க. நாளைக்கி ஒங்களுக்கு ஃப்ளைட்டு, அதுக்குள்ள ஆவணும்னு சொன்னாங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ராத்திரியே லீவ நீட்டிட்டாங்க சார்" என்றார். "கம்பெனியிலேருந்து மெசேஜ் வந்துச்சு. அம்மா நல்லாத் தூங்குனாங்க. எழுப்ப வேணாம், காலையில சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பாய் வண்டியை எடுத்துவரப் போனார்.