டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால், கழுத்து திரும்பாவிட்டால், சில வேளை வெறும் தடிமன் சளிக்கும்கூட, முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: ஒஸ்டியோபாத்திடம் போ. கலியாண வீடுகளில் எங்கள் மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். ஜீபியை, அதாவது குடும்ப டாக்டரை, நம்பிப் போனதால் அம்மா படுக்கையில் விழப் பார்த்தார் என்ற கதையும் கூடவே வரும். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவள் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. குரோய்டனில் இருந்தோம். அம்மா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். அவருடைய ஆங்கிலம் அங்கேதான் தொடங்கி அங்கேயே முடிந்தது. கட்டிலிலிருந்து ஆட்களைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு போய்விட்டது. உடனே வீட்டில் இரண்டு கட்சி உருவானது. ஒஸ்டியோபாத் என்றால் எலும்பையும் தசையையும் கையால் பிடித்துச் சரிசெய்பவர். விம்பிள்டனில் அப்படி ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருக்கிறார், அவரிடம் போவோம் என்றார் மாமி, அதாவது அப்பாவின் தங்கை. அப்பா சம்மதிக்கவில்லை. "மருந்து எழுதித் தாறவன்தான் டாக்டர். மற்றதெல்லாம் எண்ணெய் பூசுற வேலை" என்றார். அப்பாவின் கட்சி வென்றது.

டாக்டரிடம் போனால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை ஏற்றதில்லை. "அதுவும் எங்கட ஆக்களாத்தான் இருக்கும். நாளைக்குக் கோயில்ல கதை வந்திடும்" என்பார் அப்பா. ஆகவே மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் அரைநாள் கேட்டுக்கொண்டு, பெரிய மனுசி மாதிரி அம்மாவுக்கு முன்னால் நடந்து போனேன்.

உள்ளே போனதும்தான் பெருமையெல்லாம் வடிந்தது. அந்த டாக்டரின் மகள் என் வகுப்பில் படித்தாள். தலைமுடி எப்போதும் மினுங்கும், எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கும் பெண் அவள்.

அம்மா தணிந்த குரலில் சொன்னார். "இடுப்பு நோ காலுக்கு இறங்குதெண்டு சொல்லு. இருக்கிற இடமெல்லாம் விறைச்சுப்போச்சு. சலம் போறதே தெரியேல்லை, பிள்ளை. அதையும் சொல்லு." சிறுநீர் போவது அம்மாவுக்கே தெரியவில்லை என்பதை அந்தப் பெண்ணின் தகப்பனிடம் நான் எப்படிச் சொல்வது? இரவுச் சாப்பாட்டின்போது அவர் மகளிடம் சொல்வார், காலையில் வகுப்பே சிரிக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டது. வலி காலுக்கு இறங்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

அவர் நல்ல டாக்டர். தானாகவே கேட்டார், டொய்லெட் போவதில் ஏதும் பிரச்சினை இருக்கிறதா என்று. நான் அம்மாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நோ" என்றேன், ஆங்கிலத்தில்.

அம்மா என்னைப் பார்த்தார். என் முகம் கொதித்தது. பிறகு அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் வலி மாத்திரை எழுதித் தந்து, இரண்டு வாரம் பார்ப்போம் என்றார்.

ஐந்தாம் நாள் அம்மாவால் காலை ஊன்ற முடியவில்லை. மாமி, அப்பா வேலையால் வரும்வரை காத்திருக்காமல், எங்கள் இருவரையும் விம்பிள்டன் டிராமில் ஏற்றிவிட்டார். டிராம் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அம்மா என் தோளைப் பிடித்தார்.

ஒஸ்டியோபாத் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டு உட்காரவைத்து, டாக்டர் கேட்ட அதே கேள்வியைத் தமிழில் கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன்கா. நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இத உங்க டாக்டர்கிட்ட சொல்லலையா?"

அம்மா என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார். "ஓம், சொன்னனாங்கள். அந்த மனுசன் காதில வாங்கேல்லை."

அன்று மாலையே அம்மாவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முடிந்து வெளியே வந்த சர்ஜன், சில நாள் முன்னதாக வந்திருந்தால் நரம்பு முழுதாகத் தப்பியிருக்கும் என்றார். அவர் கடகடவென்று பேசியது பிடிபடாமல் அப்பா என்னைப் பார்த்தார். நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோமாம் என்று சொன்னேன்.

அம்மா மறுபடி நடந்தார். மாமி வென்ற கட்சியின் தலைவியானார். அப்பா அந்த டாக்டரை வருடக்கணக்காகத் திட்டினார். கேள்வியைச் சரியாகக் கேட்ட ஒரு மனிதரை எங்கள் சொந்தமெல்லாம் சேர்ந்து திட்டியபோது நான் கேக் சாப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நினைத்தால் கூசுகிறது. அம்மா இன்றும் எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைப்பார். கோயிலில் கதவோரமாகத்தான் உட்காருவார்.

பதினாறு வயதில், பள்ளிக்கூடம் கேட்ட வேலை அனுபவத்துக்காக அம்மாவின் முதியோர் இல்லத்துக்கு ஒரு கிழமை போனேன். பாரம் தூக்காத வேலைக்கு அவர் திரும்பியிருந்தார். முதல் நாள் காலை அவருக்குப் பின்னால் ஒவ்வொரு அறையாகப் போனேன். ஒவ்வொரு கட்டிலருகிலும் குனிந்து, சிரித்த முகத்துடன் அம்மா, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டுவரும் ஒரே கேள்வியைத்தான் ஆங்கிலத்தில் கேட்டார்: டொய்லெட் போவதில் ஏதும் பிரச்சினை இருக்கிறதா? நோ என்றவர்களுக்கு நோ என்றும், யெஸ் என்றவர்களுக்கு யெஸ் என்றும் தாளில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது அறையோடு நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் அதைப் பற்றி இன்றுவரை நான் பேசவில்லை. விம்பிள்டன் அறையில் அவர் அந்தப் பதிலைச் சொன்னபோது, நான் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா என்னைத் தப்ப விட்டார் என்று அந்தப் பதினொரு வயதில் எனக்குத் தெரியவில்லை.