கொக்கக்காவும் கடைசிப் பெருங்கொக்கும்

எங்கள் தேசியப் பறவைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சொந்தம்தான் இருந்தது. மிருகக்காட்சிசாலையில் முப்பத்தொரு வருடம் கூண்டு கழுவிய ஒரு பெண். கொக்கக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் வாசலில் நுழைவுச்சீட்டு கிழிக்கிறவள். என் ஜன்னலுக்கு நேரெதிரே பெருங்கொக்கின் அடைப்பு. நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

சில நாடுகள் சிங்கத்தைப் பிடித்துக்கொண்டன, சில கழுகை. சில நாடுகளுக்கு ஒரு பூவே போதுமாக இருந்தது. எங்களுக்கு வாய்த்தது பெருங்கொக்கு. நாணயத்தில், கடவுச்சீட்டில், போலீஸ் தொப்பியில், நான் கிழிக்கிற சீட்டின் மூலையில்கூட அது நிற்கும். அது வாழ்ந்த சதுப்பு நிலத்தில் மட்டும் மண்ணைக் கொட்டி விமான நிலையம் கட்டிவிட்டோம். அதன் வாசலில் வெண்கலத்தில் ஒரு பெருங்கொக்கு வைத்திருக்கிறோம். வெட்கம் என்பது எங்களுக்கு மருந்துக்கும் கிடையாது.

கடைசியாகக் கிடைத்த குஞ்சை அக்கா தன் வீட்டில் வைத்து, கையால் ஊட்டி வளர்த்தாள். அது தப்பு என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. முதலில் பார்த்த முகத்தைக் குஞ்சு தன் இனம் என்று எடுத்துக்கொண்டது. வளர்ந்ததும் அக்காதான் தன் ஜோடி என்று முடிவுகட்டிவிட்டது. ஆண் பறவை ஒன்று மிச்சமிருந்த காலத்தில் உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இது அதைக் கொத்திக் கொத்தியே துரத்தியது. அந்த ஆணும் பிறகு செத்துப்போனது. "ஊர்ல ஆம்பளைங்கதான் சின்ன வீடு வைப்பாங்க. எங்க வீட்ல தலைகீழ்" என்று அக்காவின் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வருடா வருடம் மழை ஓய்ந்ததும் பெருங்கொக்கு ஆடும். சிறகை விரித்து ஆளுயரத்துக்குக் குதிக்கும். அக்காவும் கையை விரித்துக்கொண்டு கூடவே குதிப்பாள். சில நாளில் ஒரு முட்டை விழும். குஞ்சு இல்லாத வெறும் முட்டைதான். பெருங்கொக்குகள் அடைகாக்கிற வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அது எழுந்து குரல் கொடுக்கும். அக்கா போய் முட்டையின் பக்கத்தில் குந்துவாள். அதன் பிறகுதான் அது இரைக்குப் போகும். ஒரு மாதத்தில் அதற்கே சலித்துப்போய் முட்டையை விட்டுவிடும். இப்படிப் பதினேழு வருடம்.

போன வருடம் அக்கா ஓய்வு பெற்றாள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மழை ஓய்ந்ததும் என்னிடம் வந்து சீட்டு கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு அக்கா சீட்டு?"

"இப்ப நான் வெளியாள்தானே. கிழிடி."

கம்பிக்கு வெளியே அவளைப் பார்த்ததும் பெருங்கொக்கு ஆட ஆரம்பித்தது. நான்கு நாள் தனியாகவே ஆடியது. ஐந்தாம் நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பாவம்டி, ஒத்தையா ஆடுது" என்று பையைக் கீழே வைத்தாள். தேய்ந்துபோன முட்டியோடு கம்பிக்கு வெளியே குதித்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் போனில் படமெடுத்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

அடுத்த வாரம் முட்டை விழுந்தது. பறவை உட்கார்ந்தது, எழுந்தது, கம்பிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தது, காத்திருந்தது. யாரும் உள்ளே வரவில்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டது. இரை வைத்த வாளி பத்தடி தள்ளி இருந்தும் போகவில்லை. வாளியைக் கிட்டே கொண்டுபோன புது ஆளின் கையைக் கொத்திக் கிழித்தது.

அக்கா அதிகாரியின் அறையில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"ஒரு தடவை உள்ள விடுங்க சார். நான் உட்கார்ந்தா அது சாப்பிடும்."

"சட்டம் உங்களுக்குத் தெரியாததாம்மா? பணியில இருக்கிறவங்க தவிர வேற யாரும் கிட்ட போகக் கூடாது. தேசியச் சின்னம்மா அது."

"சின்னம் பட்டினி கிடக்குது சார்."

"மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பதில் வரட்டும்."

எழுதியதும் உண்மை, பதில் வராததும் உண்மை. அவர் கெட்டவர் இல்லை. முதுகெலும்புதான் இல்லை.

முட்டை விழுந்த பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அக்கா வேலியேறி உள்ளே குதித்தாள். முட்டையின் பக்கத்தில் போய்க் குந்தினாள். பறவை எழுந்து நேராக வாளிக்குப் போய் அள்ளி அள்ளித் தின்றது. நான் ஜன்னலில் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வாளி காலியாவதற்குள் காவலாளிகள் வந்து, அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து இழுத்துப் போனார்கள்.

ஏன் உள்ளே போனீர்கள் என்று நீதிபதி கேட்டார். "என் முறை வந்துச்சுங்க, உட்கார்ந்தேன்" என்றாள். கோர்ட்டே சிரித்தது. தேசியச் சின்னத்துக்கு இடையூறு செய்த குற்றத்துக்காக, மிருகக்காட்சிசாலைப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் போன் வரும்.

"எழுந்துச்சா?"

"எழுந்துச்சு அக்கா."

"கூப்பிட்டுச்சா?"

"கூப்பிட்டுச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் எனக்குப் பொய் வராது. இருபத்திரண்டாம் நாள் அது எழுந்திருக்கவில்லை.

நாடு முழுக்கக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். பேண்டு வாசித்தார்கள், மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஆடாம இருந்திருந்தா முட்டை போட்டிருக்காது. முட்டை இல்லேன்னா அது பாட்டுக்குத் தின்னுட்டு இருந்திருக்கும். சொல்லுடி, இருந்திருக்கும்ல?"

இருந்திருக்கும். இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.